இடமாற்றம், கலியாணம், பிள்ளை, இழவு: வன்னியில் நெடுந்தூர ட்ரையத்லன் பயிற்சியைத் திரும்பக் கட்டும் முழுமையான வழிகாட்டி

நெடுந்தூர ட்ரையத்லன் என்றால் 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், அதன் மேல் 42.2 கிலோமீற்றர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். 1978 இல் ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேர் வெளிக்கிட்டு 12 பேர் முடித்த முதற்போட்டியிலிருந்து இந்தத் தூரம் மாறவில்லை. பழகுகிறவரின் வாழ்க்கைதான் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒழுங்காகப் பழக ஏறக்குறைய ஒரு வருடம் வேண்டும். ஒரு வருடத்துக்குள் நம் வீடுகளில் என்னதான் நடக்காது? இடமாற்றக் கடிதம் வரும், தங்கச்சிக்குக் கலியாணம் சரிவரும், பிள்ளை பிறக்கும், அம்மா ஆஸ்பத்திரியில் கிடப்பார், கனடாவிலிருந்து அண்ணா குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் நிற்பார்.

இணையத்தில் கிடைக்கிற அட்டவணைகளுக்கு இதெல்லாம் தெரியாது. 24 வாரம், நாளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு தூரம். நாலைந்து பெட்டி வெறுமையாகப் போனதும் ஆள் சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு ‘பிறகு பாப்பம்’ என்று இருந்துவிடுகிறார். இந்த வழிகாட்டி அப்படி இருந்துவிட்டவர்களுக்கு. முன்பு பழகியவர், பாதித் தூரத்தை (1.9, 90, 21.1 கிலோமீற்றர்) முடித்தவர் அல்லது அதற்குக் கிட்டவாவது போனவர், இடையில் ஏதோ நடந்து மாதக்கணக்கில் விட்டுப்போனவர் என்று உங்களை எண்ணி எழுதுகிறேன். நீச்சல் தெரியாதவர் முதலில் நீச்சலைப் பழகிவிட்டு வாருங்கள். அதில் குறுக்குவழி இல்லை.

கீழே வருகிற படிகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற ஒழுங்கு ஒன்றுதான்: முதலில் வீட்டையும் வேலையையும் எழுதுங்கள், மிஞ்சிய இடத்தில் பயிற்சியை எழுதுங்கள். தலைகீழாகச் செய்தால் மூன்றாம் மாதம் வீட்டில் சண்டைதான்.

படி 1: இப்போது இருக்கிற வாரத்தை எழுதுங்கள்

ஒரு கொப்பித் தாள் போதும். கடைசியாக ஒழுங்காகப் பழகிய காலத்துக்கும் இன்றைக்கும் இடையில் என்னென்ன மாறியது என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது வாரத்தில் எத்தனை மணித்தியாலம் எடுக்கிறது என்று போடுங்கள். கிளிநொச்சி நகரில் படிப்பித்துக்கொண்டிருந்தவருக்குத் துணுக்காய்ப் பக்கம் மாற்றம் கிடைத்தால், போக்குவரத்து மட்டும் நாளுக்கு மூன்று மணித்தியாலத்தைத் தின்றுவிடும். அதில் விடியற்காலையும் சேர்ந்து போகிறது. விடியற்காலைதான் உங்கள் ஓட்ட நேரம் என்றால், நீங்கள் இழந்தது வாரத்தின் மூன்றில் ஒரு பங்கு இல்லை, முழு ஓட்டப் பயிற்சியும்தான்.

நித்திரையையும் எழுதுங்கள். ஏழு மணித்தியாலத்துக்குக் குறைந்தால் பயிற்சியைக் குறைக்க வேண்டும், நித்திரையை அல்ல. உடம்பு கட்டப்படுவது ஓடும்போது இல்லை, படுக்கும்போதுதான்.

பிறகு அந்தத் தாளோடு வீட்டுக்காரரிடம் போய் இருங்கள். மனைவியோ கணவனோ அம்மாவோ, யார் உங்கள் நேரத்துக்குப் பங்காளியோ அவரிடம். இந்தக் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“ஞாயிறு விடிய வெளிக்கிட்டா எத்தனை மணிக்கு வருவீங்கள்?”

“பதினொண்டு ஆகும்.”

“பதினொண்டெண்டா பதினொண்டா, இல்லாட்டி ஒரு மணியா? ஒரு மணியெண்டா இப்பவே சொல்லுங்கோ. நான் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்ட போயிருவன்.”

கேள்வி நியாயமானது. வருகிற நேரத்தைக் கூட்டியே சொல்லுங்கள். பஞ்சர், காற்று, தண்ணிக்கு நிற்பது எல்லாம் சேர்த்து. ஒரு மணி என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டரைக்கு வருகிறவருக்கு அடுத்த ஞாயிறும் கிடைக்கும்.

தாளில் கடைசியாக மிஞ்சுவது வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம்? முழுத் தூரத்துக்கு 10 முதல் 12 வேண்டும், கடைசி இரண்டு மாதத்தில் 14, 15 வரை ஏறும். பாதித் தூரத்துக்கு 7, 8 காணும். ஐந்து மட்டும்தான் மிஞ்சுகிறது என்றால் இந்த வருடம் 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம் உள்ள ஒலிம்பிக் தூரம்தான் உங்களுக்கு. அதிலும் குறைச்சல் ஒன்றுமில்லை.

படி 2: உடம்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பயிற்சியை விட்டதும் முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதி. அது சில நாளிலேயே தொடங்கிவிடும். இரண்டு வாரத்துக்குப் பிறகு இதயமும் நுரையீரலும் தரும் தாக்குப்பிடிப்பு இறங்கத் தொடங்கும். திரும்பத் தொடங்கினால் இவை இரண்டும் கெதியாக ஏறும். தசைநாரும் எலும்பும் அப்படியில்லை, ஆறுதலாகத்தான் வலுக்கும். ஆகவே நாலாம் கிழமை ‘பழைய ஆளாகிவிட்டேன்’ என்று தோன்றும் நேரம்தான் ஆபத்தான நேரம். மூச்சு தயார், குதிகால் தசைநார் தயாரில்லை.

ஒரு கிழமைக்குள் மூன்று சின்னச் சோதனை செய்யுங்கள். 400 மீற்றர் நிற்காமல் நீந்தி நேரம் பாருங்கள். 20 கிலோமீற்றர் சமமான வீதியில் சைக்கிள் ஓடுங்கள். 30 நிமிடம் மெதுவாக ஓடுங்கள், மூச்சு வாங்கினால் நடவுங்கள். அடுத்த நாள் காலையில் படியிறங்கும்போது எங்கே நோகிறது என்று குறித்துவையுங்கள். சோதனையின் உண்மையான விடை அதுதான்.

இதை வைத்துப் போட்டி நாளைக் கணக்குப் போடலாம். 100 மீற்றருக்கு 2 நிமிடம் 30 செக்கன் என்றால் 3.8 கிலோமீற்றருக்கு 1 மணித்தியாலம் 35 நிமிடம். மணிக்கு 25 கிலோமீற்றர் என்றால் 180 க்கு 7 மணித்தியாலம் 12 நிமிடம். கிலோமீற்றருக்கு ஏழரை நிமிடம் என்றால் மரதன் 5 மணித்தியாலம் 16 நிமிடம். கூட்டினால் 14 மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டும், உடுப்பு மாற்றுகிற நேரத்தோடு பதினாலரை. முழுத்தூரப் போட்டிகளில் கால எல்லை பெரும்பாலும் 17 மணித்தியாலம். இந்த மூன்று வேகமும் யாரையும் பயப்படுத்துகிற வேகம் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதுதான் வேலை. அதனால் திரும்பி வருகிறவருக்கு வேகப் பயிற்சி அவசரமில்லை.

எவ்வளவில் தொடங்குவது? இரண்டு கிழமை விட்டவர் பழைய அளவில் முக்கால் பங்கு. ஒரு மாதம் விட்டவர் பாதி. மூன்று மாதத்துக்கு மேல் என்றால் பழைய கணக்கை மறந்துவிட்டு, வாரத்துக்கு ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் 20, 30 நிமிடம். முதல் நாலு கிழமையும் தடவைகளைக் காப்பாற்றுங்கள், நீளத்தை அல்ல. அதன் பிறகு கிழமைக்குப் பத்து வீதம் அளவில் கூட்டி, ஒவ்வொரு நாலாவது கிழமையும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து விடுங்கள். அந்த இலகுவான கிழமையை வீட்டு விசேஷத்துக்கு ஒத்துப்போகிற மாதிரி முன்பின்னாகத் தள்ளலாம்.

படி 3: என்ன மாற்றம் என்பதைப் பொறுத்துத் திரும்புங்கள்

எல்லா இடைவெளியும் ஒரே மாதிரி இல்லை. மூன்று மாதம் காய்ச்சலால் விட்டதும் மூன்று மாதம் வேலையால் விட்டதும் உடம்பில் வேறு வேறு.

பிள்ளை பிறந்த தாய்க்கு முதலில் நடை, அடிவயிற்றுத் தளத் தசைகளுக்கான பயிற்சி, அவ்வளவுதான். ஓட்டத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் பொறுக்க வேண்டும். சிசேரியன் என்றால் இன்னும் கூட ஆகலாம். கிளினிக்கில் குடும்பநல மாதுவிடம் ‘நான் ஓடப்போகிறேன்’ என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். இரத்தச்சோகை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ கீழே பாரமாக இருந்தாலோ நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள், பிள்ளை பெற்றால் இது வழமைதானே என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். பால் கொடுக்கிற காலத்தில் சாப்பாட்டைக் குறைத்து உடம்பு இளைக்கப் பார்ப்பது தாய்க்கும் கூடாது, பயிற்சிக்கும் கூடாது. தகப்பனுக்கு உடம்பில் பிரச்சினை ஒன்றுமில்லை, நித்திரைதான் பிரச்சினை. இரவில் மூன்று தரம் எழும்பினவர் விடிய நாலரைக்கு ஓடப் போகத் தேவையில்லை. மூத்தவர்கள் பிள்ளையை வைத்திருக்கிற பின்னேரத்தில் அரை மணித்தியாலம் போதும்.

காய்ச்சல். வடக்கில் மாரி மழையோடு டெங்கு கூடும். டெங்கு வந்துபோனவர் காய்ச்சல் விட்டதும் வெளிக்கிடக்கூடாது. களைப்பு கிழமைக்கணக்கில் இருக்கும். விடிய எழும்பியவுடன் நாடித்துடிப்பை எண்ணுங்கள். வழமையைவிட ஏழெட்டுக் கூடுதலாக இருக்கும் வரை நடை மட்டும். இரத்தப் பரிசோதனை சரி என்று வைத்தியர் சொன்ன பிறகு படி 2 இலிருந்து தொடங்குங்கள். காய்ச்சல் காலத்தில் இபுபுரோபன், அஸ்பிரின் வகை நோமாத்திரைகள் வேண்டாம், பரசிற்றமோல்தான்.

வீட்டில் ஒரு சாவு நடந்தால் பயிற்சி நிற்கும், நிற்கத்தான் வேண்டும். எட்டுச் செலவு வரைக்கும் யாரும் ஓடப்போவதில்லை. 31 ஆம் நாள் அந்தியேட்டி முடியும் வரை கட்டைக் காற்சட்டையோடு றோட்டில் ஓடினால் ஊர் ஒரு கதை கதைக்கும், அந்தக் கதை அம்மாவின் காதுக்குத்தான் போகும். அந்த நாட்களில் விடிய இருட்டோடு சாரமும் சேட்டுமாக நடந்துவிட்டு வாருங்கள். யாருக்கும் அதில் குறை இல்லை. மனம் உடைந்திருக்கிற நேரத்தில் கடும் பயிற்சி மருந்து மாதிரித் தோன்றும். அரை மணித்தியாலம் நல்லது. மூன்று மணித்தியாலம் போய்த் தலைசுற்றி விழுந்தால் வீட்டில் இருப்பவர்கள் இன்னொரு பயத்தைத் தாங்க வேண்டும். மே மாதமும் இங்கே பல வீடுகளில் அப்படித்தான். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் 18 ஆம் திகதியைச் சுற்றி நீண்ட பயிற்சி எதையும் வைக்காதீர்கள்.

இடமாற்றம் வந்தவர் புதிய இடத்தில் முதல் இரண்டு கிழமையும் நடந்து பாருங்கள். எந்த ஒழுங்கையில் நாய், எந்த வீதியில் வெளிச்சம், பாடசாலை மைதானம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தெரிந்த பிறகு ஓடலாம். பஸ்ஸில் இரண்டு தரிப்பு முன்னாலேயே இறங்கி வீட்டுக்கு ஓடுவது நல்ல உத்தி. கொப்பிகளைப் பாடசாலையில் விட்டுவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

கலியாணம் செய்தவருக்கு ஒரு மாதம் விருந்து. பெரியம்மா வீட்டில் கோழிக்கறி, சித்தப்பா வீட்டில் நண்டு. மறுத்துத் தப்ப முடியாது, தப்பவும் வேண்டாம்.

கமம் செய்கிறவர் ஒன்றைக் கவனியுங்கள். வெட்டு மெசின் வந்த பிறகு அருவி வெட்டு முந்தியளவு முறியல் இல்லை. என்றாலும் நெல் மூட்டை ஏற்றி இறக்கிய நாள், நாற்பது ஐம்பது கிலோவைத் தூக்கிய நாள். அதை வலுப் பயிற்சி என்று தாளில் எழுதிவிட்டுப் படுங்கள்.

படி 4: வாரத்துக்கு ஒரு எலும்புக்கூடு

ஏழு நாளையும் நிரப்பாதீர்கள். மூன்றே மூன்று ‘விடமுடியாத’ பயிற்சி: ஒரு நீண்ட சைக்கிள், ஒரு நீண்ட ஓட்டம், ஒரு நீச்சல். மற்றவை எல்லாம் கிடைத்தால் செய்வது. நீண்ட சைக்கிள் ஞாயிறு, நீண்ட ஓட்டம் புதன் அல்லது வியாழன் விடிய, நீச்சல் எப்போது தண்ணி கிடைக்கிறதோ அப்போது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை சைக்கிளால் இறங்கியவுடன் 20 நிமிடம் ஓடுங்கள். கால் பாரமாக, வேறு யாருடையதோ போல இருக்கும். அந்த உணர்வு போட்டி நாளில் புதிதாக இருக்கக்கூடாது.

முழுத் தூரத்துக்கு நீண்ட சைக்கிள் 150 கிலோமீற்றர் வரை ஏறினால் காணும். நீண்ட ஓட்டம் 28, 30 க்கு மேல் வேண்டாம். கடைசி இரண்டு, மூன்று கிழமையில் அளவைப் படிப்படியாகக் குறைத்துவிடுங்கள்.

படி 5: தண்ணி

குளம் நிறைந்த நாட்டில் நீந்த இடமில்லை என்பது வன்னியின் வேடிக்கை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எல்லாம் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். முதலை இருக்கிறது. காலையும் மாலையும், அதாவது உங்களுக்கு நேரம் கிடைக்கிற அதே நேரத்தில்தான் அதுவும் சுறுசுறுப்பு. கோடையில் நீர் வற்றி முதலைகள் மிஞ்சிய மடுக்களில் ஒதுங்கும். மீனவர் மாலையில் விட்ட செவுள் வலை விடியும் வரை தண்ணிக்குள் கிடக்கும். தண்ணி திறந்துவிடுகிற துருசுப் பக்கம் இழுவை, வான் பாய்கிற காலத்தில் சொல்லவே வேண்டாம். மழைக்குப் பிறகு எலிக்காய்ச்சல் வேறு, காலில் கீறல் இருந்தால் குளத்திலும் வயலிலும் இறங்காதீர்கள். குளத்தில் நீண்ட தூரம் பழகுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கடல்தான் வழி. முல்லைத்தீவுக் கரையில் சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் பொதுவாக அடங்கியிருக்கும். வாடைக்காற்றுத் தொடங்கினால் ஐப்பசியிலிருந்து தை வரை இறங்கவே வேண்டாம். இறங்கும் முன் கரைவலைக்காரரிடம் போய்க் கேளுங்கள்: வலை எங்கே கிடக்கிறது, நீரோட்டம் எந்தப் பக்கம், சொறிமுட்டை (ஜெலிமீன்) வந்திருக்கிறதா. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கரைக்குச் சமாந்தரமாக, கழுத்தளவு ஆழத்துக்குச் சற்று வெளியே, இடுப்பில் கட்டிய செம்மஞ்சள் மிதவையோடு நீந்துங்கள். கரையில் ஒருவர் உங்களோடு நடந்து வரட்டும். தனியாக ஒருநாளும் இல்லை.

நீச்சல் தடாகம் கிடைப்பவர்கள், 25 மீற்றர் நீளம் என்றால் போட்டித் தூரம் 152 தடவை. இரண்டும் கிடைக்காத கிழமையில் மோட்டார் சைக்கிளின் பழைய ரியூப்பை நீளப் பட்டியாக வெட்டி, யன்னல் கம்பியில் கொழுவி, குனிந்து நின்று நீச்சல் கை இழுங்கள். ஒரு நிமிடம் இழுத்து ஒரு நிமிடம் ஆறி, பத்துத் தடவை. தோள் மறக்காமல் இருக்க இது போதும்.

படி 6: வீதியும் சைக்கிளும்

வன்னி சமதரை. புதியவர்கள் இதை இலகு என்று நினைக்கிறார்கள். மேடு பள்ளம் இல்லாத வீதியில் சும்மா உருள்வதற்கு ஒரு இடமும் கிடைக்காது. ஆறு மணித்தியாலமும் மிதிக்க வேண்டும், ஆறு மணித்தியாலமும் ஒரே இருக்கையில் ஒரே மாதிரிக் குந்த வேண்டும். முதலில் கெடுவது கால் இல்லை, இருக்கிற இடமும் கழுத்தும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி நின்று மிதிக்கப் பழகுங்கள்.

மலைக்குப் பதிலாக நமக்குக் காற்று இருக்கிறது. சோளகம் வீசுகிற வைகாசி முதல் புரட்டாதி வரை மாங்குளத்திலிருந்து ஏ34 வீதியில் முல்லைத்தீவு போவது சுகம், திரும்பி வருவது வேலை. அந்தத் திரும்பலில் பாரமான கியரில், நிமிடத்துக்கு 60, 65 சுற்றில் பத்துப் பத்து நிமிடமாக மிதியுங்கள். மலேசியாவின் லங்காவி போல ஏற்றமுள்ள போட்டிக்குப் போகிறவருக்கு இங்கே கிடைக்கிற மலை இதுதான்.

நீளத்துக்கு ஒரு சுற்று: பரந்தனிலிருந்து ஏ35 இல் விசுவமடு, புதுக்குடியிருப்பு, வட்டுவாகல் தாண்டி முல்லைத்தீவு. அங்கிருந்து முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மாங்குளம். பிறகு ஏ9 இல் கிளிநொச்சி, பரந்தன். ஏறத்தாழ 130 கிலோமீற்றர். இடையிடையே கடைகள் உண்டு, இது பெரிய ஆறுதல். பூநகரியிலிருந்து மன்னார் போகிற ஏ32 அமைதியான வீதி. ஆனால் வெயிலுக்கும் காற்றுக்கும் மறைவே இல்லை, கடைகளும் தூரம் தூரம். தனியாகப் போகிறவர் அதைத் தவிர்க்கலாம்.

விடியுமுன் வெளிக்கிட்டால் முன்னுக்கு நல்ல லைற், பின்னுக்குச் சிவப்பு, உடம்பில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிற பட்டி. ஏ9 இல் இரவில் மாடுகள் றோட்டிலேயே படுத்திருக்கும், கறுத்த மாடு இருபதடிக்குள் வந்துதான் தெரியும். காட்டோர வீதிகளில் யானை நடமாட்டம் பற்றி முதல்நாளே அந்தப் பக்கத்துக் கடையில் விசாரியுங்கள். மாசி, பங்குனியில் வீதியோரம் நெல் காயும். அதன் மேல் மெல்லிய ரயர் ஏறினால் வழுக்கும், நெல் சிதறினால் நெல்லுக்காரரின் ஏச்சும் கிடைக்கும். அவர்மேல் பிழையில்லை. ஒன்றுக்குப் போகவென்றும் பற்றைக்குள் ஆழமாக இறங்காதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன, சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் றோட்டை விட்டு ஒரு அடியும் வைக்க வேண்டாம்.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது, ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். ரேசிங் சைக்கிள் ரியூப்பின் வால்வு பெரும்பாலும் பிரெஸ்டா வகை: மெல்லியது, நுனியில் ஒரு சின்னத் திருகு. ஒட்டுசுட்டானில் பஞ்சரானால் கடைக்காரத் தம்பி ஐந்து நிமிடத்தில் ஒட்டுப் போட்டுவிடுவார், கை அவ்வளவு பழக்கம். ஆனால் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற குழாயின் தலை அந்த வால்வில் கொழுவாது. விரல் நகமளவு பித்தளை அடப்டர் ஒன்று இருக்கிறது. வால்வின் நுனித் திருகைத் தளர்த்தி, அதன் மேல் இதைத் திருகினால் எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம். கொழும்புக்கு யாராவது போகும்போது இரண்டு வாங்குவியுங்கள். ஒன்றை முன்சில்லு வால்விலேயே மூடிபோலத் திருகி வையுங்கள், பையில் போட்டால் தொலைந்துவிடும். உங்கள் அளவு ரியூப் இரண்டும் கையில் இருக்க வேண்டும், 700 அளவு மெல்லிய ரியூப் ஊர்க் கடைகளில் தேடிக் கிடைப்பது அருமை. காற்றடித்த பிறகு உடனே ஏறாதீர்கள். சில்லை ஒருதரம் சுற்றி, ரயர் விளிம்பு எங்கேயாவது ரியூப்பைக் கடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பெண்களுக்கு வீதி வேறு மாதிரி. தனியே ஓடுவதும் சைக்கிளில் தூரம் போவதும் பார்வையையும் பகிடியையும் இழுக்கும், சில இடத்தில் அதைவிட மோசமும் நடக்கும். தங்கச்சியோ தோழியோ சைக்கிளில் கூட வர ஓடுவது, பாடசாலை மைதானத்தைக் கேட்டு எடுப்பது, போகிற வழியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வெளிக்கிடுவது எல்லாம் உதவும். நாலைந்து கிழமை ஒரே நேரத்தில் ஒரே வழியில் போனால் ஊர் பழகிவிடும், பிறகு தேத்தண்ணிக் கடை ஐயாவே ‘இண்டைக்குப் பிந்திப்போச்சு பிள்ளை’ என்பார்.

படி 7: உப்பும் சீனியும்

நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் ஒரு கிலோ குறைந்தால், குடித்ததையும் சேர்த்து, அவ்வளவு லீற்றர் வியர்வை. வன்னி வெயிலில் லீற்றருக்கு மேல் போவது சாதாரணம். வெறும் தண்ணியை மட்டும் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் உப்புக் குறைந்து தலையிடி, வாந்தி, மயக்கம் வரும்.

விலை கூடிய பொடி தேவையில்லை. ஒரு லீற்றர் தண்ணி, ஐந்து மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, பாதித் தேசிக்காய். இதில் ஏறக்குறைய 60 கிராம் மாச்சத்தும் 600 மில்லிகிராம் சோடியமும் இருக்கும். மணித்தியாலத்துக்கு 700 மில்லிலீற்றர் குடித்து ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டால் 65 கிராம் தாண்டும், மணித்தியாலத்துக்கு வேண்டிய 60 முதல் 90 கிராமுக்குள் வந்துவிட்டீர்கள். கடைகளில் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பைக்கற் கிடைக்கும், அதில் உப்பு கூட, சீனி குறைவு, ஆகவே சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கடித்துச் சாப்பிடப் பயத்தம் உருண்டை நல்லது. வெயிலுக்கு உருகாது, சட்டைப் பையிலேயே கிடக்கும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. உடல் நீர் வற்றிய நேரத்தில் இபுபுரோபன், டைக்குளோபினாக் போன்றவை சிறுநீரகத்தைத் தாக்கும். வவுனியாப் பக்கத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் எத்தனை குடும்பத்தைப் படுத்துகிறது என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் முதல் பத்துப் பதினாலு நாள் வெயிலுக்கு உடம்பைப் பழக்க வேண்டும். அதுவரை கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்க்க வேண்டாம்.

படி 8: கதைத்துக்கொண்டு பழகுங்கள்

இந்தத் தூரத்துக்கான பயிற்சியில் பெரும்பங்கு, முழு வசனமாகக் கதைக்கக்கூடிய வேகத்தில் நடக்க வேண்டும். இதயத் துடிப்புப் பட்டி, கைக்கடிகாரம் எல்லாம் இதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கின்றன. ஆகவே வாழ்க்கை மாறி ஆட்கள் விட்டுப்போன காலத்தில், இந்த மணித்தியாலங்கள் வீணாகப் போகிற மணித்தியாலங்கள் இல்லை. விட்டுப்போன ஆட்களை அதற்குள் கூட்டி வாருங்கள்.

கூடப் படித்தவன் ஒருவனைக் குளக்கட்டுக்கு வரச்சொல்லுங்கள். அவன் ஓடத் தேவையில்லை, சைக்கிளில் பக்கத்தில் உருளட்டும். “மச்சான், அப்பாட அலுவலுக்குப் பிறகு நீ ஆளே இல்லையடா” என்று அவன் தொடங்குவான். நீங்கள் பதில் சொல்லும்போது சொல்லுக்கு நடுவே மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது, குறையுங்கள். அவனுடைய கதை பாரமாகி இருவரும் நடக்கத் தொடங்கினால் நடவுங்கள். அன்றைய பயிற்சி ஒன்றும் கெட்டுப்போகாது. இருவர் பக்கத்தில் பக்கத்தில் போவது குளக்கட்டிலும் கிரவல் றோட்டிலும் மட்டும். ஏ9 இல் ஒருவர் பின் ஒருவராக, கதை பிறகு.

தூரத்தில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. இங்கே சனி விடிய ஐந்து மணி என்றால் ரொறன்ரோவில் வெள்ளி பின்னேரம் ஆறரை, அவர்களுடைய கோடை காலத்தில் ஏழரை. அக்கா வேலையால் வந்து இருக்கிற நேரம். மைதானத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டு, ஒரு காதில் மட்டும் கொழுவி, முக்கால் மணித்தியாலம் கதைக்கலாம். லண்டனுக்கு இந்த நேரம் நடுச்சாமம், அவர்களுக்குப் பின்னேர நடைதான் சரி. றோட்டில் காதை அடைத்துக்கொண்டு ஓடுவது மட்டும் வேண்டாம்.

படி 9: திகதியும் காசும்

இலங்கையில் 2018 இல் கொழும்பில் பாதித் தூரப் போட்டி நடந்தது. முழுத் தூரத்துக்குப் பெரும்பாலும் வெளிநாடுதான் போக வேண்டும். பதிவுக் கட்டணம், விமானச் சீட்டு, சைக்கிள் பெட்டி என்று தொகை பெரிது. அந்தக் காசு வீட்டின் எந்தக் காசு என்று பதிவுக்கு முன் கதைத்துவிடுங்கள்.

திகதியை வன்னியின் காலத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். ஆண்டின் கடைசிப் பகுதியில் நடக்கிற போட்டி நமக்கு வாய்ப்பு: கடும் பயிற்சி விழுகிற ஆடி, ஆவணி, புரட்டாதி வரண்ட மாதங்கள், கடலும் கிழக்கில் அடக்கம். மாசி, பங்குனிப் போட்டி என்றால் மாரி மழைக்குள்ளும் காலபோக அறுவடைக்குள்ளும் பழக வேண்டும். கமக்காரக் குடும்பத்துக்கு அது சரிவராது. வற்றாப்பளைப் பொங்கல், ஆவணி மடுத் திருநாள் காலங்களில் வீதி நிறையச் சனம், அந்தக் கிழமைகளில் நீண்ட சைக்கிளை வேறு பக்கம் திருப்புங்கள்.

போட்டிக்கு 12 கிழமை இருக்கும்போது ஒரு ஞாயிறு எடுத்து 100 கிலோமீற்றர் சைக்கிளும் உடனே 10 கிலோமீற்றர் ஓட்டமும் செய்து பாருங்கள். அடுத்த இரண்டு நாளும் வேலைக்கு வழமைபோலப் போக முடிந்தால் முழுத் தூரம். படுக்கையிலேயே கிடந்தால், அல்லது அந்த ஞாயிறை எடுக்கவே வீட்டில் மூன்று கிழமை இழுபட்டால், அமைப்பாளருக்கு அன்றே எழுதிப் பதிவைப் பாதித் தூரத்துக்கோ அடுத்த வருடத்துக்கோ மாற்றலாமா என்று கேளுங்கள். மாற்றுவதற்குக் கடைசித் திகதி ஒன்று இருக்கும், பல போட்டிகளில் அது போட்டிக்கு மாதக்கணக்கில் முன்னால் வந்துவிடும். அதைப் பதிவு செய்த அன்றே வீட்டுக் கலண்டரில் சிவப்பால் வட்டமிட்டு வையுங்கள்.